சக்கரத்துக்குள் ஊற்றிய பால்

துல்கர்னைன் கடையில் ஒரு டயர் ரிம்மில் உட்கார்ந்தால் நன்னகரம் முழுக்கத் தெரிந்துவிடும். டமார் என்று ஒரு சத்தம். எதிர் டீக்கடைக்குப் புதிதாக வந்தவர்கள் கிளாஸைக் கீழே போட்டுவிடுவார்கள். பழகியவர்கள், "பாய் கடையில ஒண்ணு உக்காந்துட்டு" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார்கள்.

அவனிடம் வருவதெல்லாம் மலைச் சைக்கிள்கள். தடித் தடியான டயர், குண்டும் குழியும் தாங்கும் சட்டம், ஆட்டோ விலை. அந்த டயருக்குள் டியூப் கிடையாது என்று சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். "டியூப் இல்லாம காத்து எப்படிவே நிக்கும்? மந்திரமா?" என்று கேட்பார்கள். கேட்டால் போதும், துல்கர்னைனுக்கு வாய் நிற்காது.

"டயரோட ரெண்டு ஓரத்தையும் பாருங்க, உள்ள கம்பி மாதிரி ஒண்ணு ஓடும். அது ரிம்மோட உதட்டுக்குள்ள போய் நெருக்கி உக்காரணும். அந்த சத்தம் அதுதான். ரிம்முல கம்பி மாட்டுத ஓட்டைகள ஒரு டேப்பால ஒட்டி அடைச்சிருவோம். அப்புறம் உள்ள கொஞ்சம் பால். முள்ளு குத்துனா அந்தப் பால் ஓடிப்போய் ஓட்டையில உறைஞ்சுக்கிடும். டியூப் இருந்தா பாறையில இடிச்ச உடனே நசுங்கிக் கிழிஞ்சிரும். இது கிழிய என்ன இருக்கு? காத்தக் கொறைச்சு ஓட்டலாம், டயர் பாறையப் பல்லி மாதிரி புடிச்சுக்கிடும்."

இந்தப் பாலில்தான் கதையே இருக்கிறது.

துபாயில் ஒரு பெரிய சைக்கிள் கடையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன் துல்கர்னைன். ஒருநாள் முதலாளி கடையை மூடிவிட்டார். ஊருக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் வந்து கூடிக் கூடி அறிவுரை சொன்னார்கள். அதில் அவன் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்தான். கடைசியில் அவனை எழுப்பி உட்கார வைத்தவள் தங்கை ஜுஹைனா. இலஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை சவூதியில், தம்மாமில் இருக்கிறார்; வீட்டில் இவளும் மாமியார் சைதூனும்தான். அவள் இலஞ்சியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சின்ன வயதில் அண்ணனின் சைக்கிளைத் திருடி ஓட்டியவள், இப்போது தலையில் சுற்றிய துணிக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மலையில் ஓட்டுகிறாள். "இங்கன இத்தன பேரு மலைச் சைக்கிள் வாங்கி வச்சிட்டு ரிப்பேருக்கு மதுரைக்குக் கொண்டு போறாங்க. நீங்க சொவத்தப் பாத்துட்டு கெடக்கிய" என்றாள். அப்படிப் பிறந்ததுதான் நன்னகரம் கடை.

கடை ஓடியது. அவன் முகத்தில்தான் சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து பாட்டிலில் வரும் அந்தப் பாலுக்கு வாசனைத் திரவியத்தின் விலை. ஒருநாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சுருக்கென்றது. இதில் பாதிக்கு மேல் ரப்பர் பால்தானே? கேரள எல்லையில் ஆரியங்காவைத் தாண்டினால் மலை முழுக்க ரப்பர் மரம்தானே நிற்கிறது? நம் காலடியில் ஆறு ஓட, நாம் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமே என்று தோன்றிவிட்டது. தென்காசிக்காரனுக்குத்தான் அப்படித் தோன்றும். சென்னையில் இருப்பவனுக்குத் தோன்ற வழியில்லை.

புனலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் பழைய துபாய்ச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். கேன் நிறையப் பால் கொடுத்தான். பால் தயிராகாமல் இருக்க அங்கே எல்லோரும் சேர்க்கும் அமோனியாவையும் தனியாக ஒரு பாட்டிலில் கொடுத்து, "குறச்சு மதி, கேட்டோ" என்று இரண்டு விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டினான். கொஞ்சம் போதுமாம். துல்கர்னைன் கொஞ்சம்தான் சேர்த்தான். கேன் இரண்டே நாளில் திரிந்து கட்டியானது. அடுத்த கேனில் கூடச் சேர்த்தான். ஊறுகாயில் உப்பு கூடினால் கெடாது என்கிற கணக்கு. பால் திரியவே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும்படி நாற்றம் மட்டும் அடித்தது. எதிர் டீக்கடைக்காரர், "பாய், உள்ள மாடு கீடு வளக்குதியளா?" என்று கேட்டார். இருக்கட்டுமே. நாற்றம் யாரைக் கொன்றது?

முதல் ஊற்றல் ஜுஹைனாவின் சக்கரங்களுக்கு. வேறு யாருக்கு?

பத்து நாள் கழித்து செங்கோட்டையில் போட்டி. காட்டுப் பாதையில் இறங்கி ஏறி வரவேண்டும். கடைசி மேட்டில் மூன்று பெண்கள் சேர்ந்தே தெரிந்தார்கள். அப்புறம் ஜுஹைனா மட்டும் பிரிந்து வந்தாள். அவள் கோட்டைத் தாண்டிய நிமிடத்தில் துல்கர்னைன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வானத்தில் எறிந்தான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரைக் கட்டிப்பிடித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான். அப்புறம் பரிசு கொடுத்தார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே ஜுஹைனா சொன்னாள்: "எங்க அண்ணன் காய்ச்சுன பால்தான் என் டயர்ல ஓடுது. அதான் ஜெயிச்சேன்." கூட்டம் கைதட்டியது. துல்கர்னைன் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே கடையில் ஆட்கள். முதலில் வந்தவன் விஜயசங்கர். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன், இப்போது போலீஸ்காரன். "ஏலே துல்லு, ஒன் தங்கச்சி ஜெயிச்ச பாலு எனக்கும் ரெண்டு வீலுக்கு ஊத்துலே. அடுத்த போட்டியில நான் தூக்குதேன் பாரு" என்றான். அவனைப் பார்த்து இன்னும் சிலர். குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி, டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதால் சைக்கிள் வாங்கியவர், அவரும் ஊற்றிக்கொண்டார். துல்கர்னைன் மட்டும் அவ்வப்போது ஜுஹைனாவிடம், "சைக்கிளக் கொண்டா, பால் காய்ஞ்சிருக்கான்னு பாத்துருவோம்" என்பான். அவள், "நல்லா ஓடுதத எதுக்குப் பிரிக்கணும்? நானே பாத்துக்கிடுதேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை நம் பால் மேல் என்று இவன் உள்ளுக்குள் பூரித்துப்போவான்.

இப்படிச் சில மாதங்கள் போயின. சாரல் தொடங்கியது. குற்றாலம் நிறைந்து வழிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குண்டாறு அணைக்கு மேலே, ஜீப் மட்டும் போகும் கரடுமுரடான பாதையில், உச்சியில் உள்ள தனியார் எஸ்டேட்டிலிருந்து இறங்கும் போட்டி. ஒவ்வொருவராக விடுவார்கள். யார் சீக்கிரம் கீழே வருகிறாரோ அவருக்குப் பரிசு. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். "சீசன் நேரம், கடையப் போட்டுட்டு நீங்க வரவேண்டாம்" என்று ஜுஹைனா முந்தின நாளே சொல்லியிருந்தாள். துல்கர்னைன் கடையில் இருந்தான்.

சங்கரபாண்டி அண்ணாச்சி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கால் வைக்கும் இடத்தில் தன் சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் இருந்தது.

"தம்பி, ரெண்டு நாளா வீலு ஆடுது. கிறீச் கிறீச்சுன்னு ஒரு சத்தம். நம்ம வெயிட்டுக்குத்தான் அழுவுதோ என்னமோ."

"ஒங்க வெயிட்டுக்கு வீலு அழுவாது அண்ணாச்சி, ரோடுதான் அழுவும்" என்று சொல்லிக்கொண்டே துல்கர்னைன் சக்கரத்தைக் கையில் எடுத்தான். இரண்டு கம்பிகள் லொடலொடவென்று ஆடின. சரி, முறுக்கினால் தீர்ந்தது என்று சாவியை நிப்பிளில் மாட்டினான். கம்பியின் முனையை ரிம்மோடு சேர்த்துப் பிடிக்கும் சின்னப் பித்தளைத் திருகுதான் நிப்பிள். ஒரு சக்கரத்தின் உயிர் முழுவதும் அந்தத் திருகுகளில்தான். சாவியைத் திருப்பினான். நிப்பிள் வறுத்த கடலையைப் போல இரண்டாக உடைந்தது.

அடுத்ததைத் திருப்பினான். அதுவும் உடைந்தது.

துல்கர்னைன் உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இத்தனை வருடத்தில் நிப்பிள் மழுங்கிப் பார்த்திருக்கிறான், துருப்பிடித்துப் பார்த்திருக்கிறான். உடைந்து பார்த்ததில்லை. காற்றை இறக்கி, டயரைப் பிரித்து, உள்ளே ஒட்டிய டேப்பை உரித்தான். அமோனியா நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. அண்ணாச்சி இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

டேப்பின் ஓரம் விட்டுப்போய், பால் அதற்கு அடியில் இறங்கியிருந்தது. அலுமினிய ரிம்மின் உட்பக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஓட்டைகளைச் சுற்றி அம்மைத் தழும்பு போலப் பள்ளம் பள்ளமாக அரித்திருந்தது. நிப்பிள்களின் தலையில் நீலமும் பச்சையுமாகக் களிம்பு. அவன் பெருவிரலால் ஒரு ஓட்டையின் விளிம்பை அழுத்தினான். கீறல் ஒன்று கண்ணெதிரே நீண்டது.

அமோனியா பித்தளையைத் தின்னும். துபாயில் பெரிய மெக்கானிக் ஒருவர் எப்போதோ சொன்னது இப்போதுதான், இந்த நிமிடத்தில்தான், அவன் ஞாபகத்துக்கு வந்தது. வரவேண்டிய நேரத்தில் வராத ஞாபகத்தை வைத்து என்ன செய்வது?

"தம்பி, என்ன ஆச்சு? ஏன் இப்படி முழிக்குதிய?" என்று வாசலிலிருந்து கேட்டார் அண்ணாச்சி.

"ஜுஹைனா" என்றான். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பாறை மேல் இறங்குகிறாள். சக்கரத்தில் கம்பியே நிற்காது. ஒரு குதி குதித்தால் போதும். துல்கர்னைன் சாவியைக் கீழே போட்டான். போனை எடுத்து மூன்று தடவை தவறான பெயரைத் தொட்டான். நான்காவது தடவை, அவள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் அமைதியாகச் சொன்னது. குண்டாறு மலையில் போன் எடுக்காது என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மறுபடியும் அடித்தான்.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி. குண்டாறுக்கு."

அண்ணாச்சி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன். கடை திறந்தபடி கிடக்க, ஸ்கூட்டி இலஞ்சி வழியாகப் பறந்தது. பறந்தது என்பது சும்மா சொல்வது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் ரோட்டில் எது பறக்கும்? எண்ணெய் தேய்த்த உடம்போடு வேனிலிருந்து இறங்கி நடுரோட்டில் செல்ஃபி எடுக்கிறார்கள். நுங்கு வண்டியை மறித்து ஒரு பஸ் நிற்கிறது. அண்ணாச்சி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த துல்கர்னைன் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தான். கொஞ்சம் போதும் என்று விரலைக் காட்டினானே அந்தப் புனலூர்க்காரன்! மலையாளம் புரியாதவனா நான்? நன்றாகப் புரிந்துதான் கூட ஊற்றினேன். யா அல்லா, என் தப்புக்கு அவளை எடுத்துக்கொள்ளாதே.

செங்கோட்டையைத் தாண்டிக் குண்டாறு அணையை அடைந்தபோது ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. கூட்டம் இருந்தது. யாரும் அலறவில்லை. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினான்.

ஜுஹைனா ஒரு பாறைமேல் உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணே! நீங்க எப்படி வந்திய? நான் எறங்கிட்டேன்லா! பொம்பளையள்ல நாந்தான் முதல்ல!"

அவன் அவளைத் தொட்டுப் பார்த்தான். தலை, தோள், முழங்கை. எல்லாம் இருக்கிறது. அப்புறம் அப்படியே சைக்கிளின் மேல் பாய்ந்தான். முன்சக்கரத்துக் கம்பிகளை விரலால் சுண்டினான். டிங், டிங் என்று மணி மாதிரி ஒலித்தன. பின்சக்கரத்தைச் சுண்டினான். அதுவும் மணி. துல்கர்னைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே பால், அதே அமோனியா. எல்லோருக்கும் முன்னால் ஊற்றியது இதற்குத்தான். இதல்லவா முதலில் உடைந்திருக்கவேண்டும்?

"என்ன செய்யுதிய?"

அவன் பதில் சொல்லாமல் காற்றை இறக்கினான். டயர் ஓரத்தை விரலாலேயே நெம்பினான். "பிரிக்காதிய அண்ணே" என்று ஜுஹைனா எழுந்தாள். "பிரிக்காதியன்னு சொல்லுதேன்லா!" அவள் குரலில் இருந்த பதற்றம் அவனுக்குப் புரியவில்லை. டயரை விலக்கி உள்ளே கையை விட்டான்.

கையில் வழுவழுவென்று ஒன்று வந்தது. இழுத்தான்.

டியூப்.

சாதாரணக் கறுப்பு டியூப். எந்தச் சைக்கிள் கடையிலும் தொங்குமே, அது.

துல்கர்னைன் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். செத்த பாம்பைப் பிடித்தவன் மாதிரி நின்றான். ஜுஹைனா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எப்போ மாட்டுன?"

"நீங்க ஊத்துன மறுநாளே" என்றாள். "காலையில பாத்தா வீட்டுக்குள்ள பால் ஒழுகிக் கெடக்கு. வீடு பூரா நாத்தம். சைதூன் மாமி சைக்கிளத் தூக்கித் தெருவுல எறியப் போயிட்டாவ. கழுவித் தொடச்சிட்டு டியூபப் போட்டுட்டேன்."

"அப்போ செங்கோட்டையில ஜெயிச்சது?"

"டியூப்லதான்."

"மைக்குல சொன்னியே, அண்ணன் காய்ச்சுன பால்னு?"

ஜுஹைனா உதட்டைக் கடித்தாள். "நீங்க அன்னைக்குச் சிரிச்சிய. துபாய்லருந்து வந்தபொறவு அன்னைக்குத்தான் நீங்க சிரிச்சு நான் பாத்தேன். அந்தப் பால் காய்ச்சுததுல அப்படி ஒரு ஆசையா இருந்திய. அது ஒழுகிப்போச்சுன்னு எப்படிச் சொல்ல? ஒழுகுனதுதானே, வேற என்னன்னு நெனச்சேன்."

அவனுக்கு ஒரு பக்கம் நெஞ்சு குளிர்ந்தது, ஒரு பக்கம் எரிந்தது. தங்கை உயிரோடு நிற்கிறாள். தங்கை இத்தனை மாதம் ஏமாற்றியிருக்கிறாள். எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் பாறையில் உட்கார்ந்து, ஒழுகியதோடு முடியவில்லை என்பதைச் சொன்னான். நிப்பிள் உடைந்ததை, ரிம் அரித்ததை, கீறல் நீண்டதை. "ஒனக்கு ஒண்ணும் ஆகலல்லா, அது போதும். அல்ஹம்துலில்லாஹ்" என்றான்.

ஜுஹைனா சட்டென்று மலை உச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். "விஜயசங்கர் அண்ணன் மேல இருக்காவ."

துல்கர்னைன் பாறையிலிருந்து துள்ளி எழுந்தான். விஜயசங்கர்! கூடப் படித்தவன். அவனுடைய இரண்டு சக்கரத்திலும் என் கையாலேயேதானே பாலை ஊற்றினேன்! நன்னகரத்திலிருந்து இங்கே வருகிறவரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, அவன் ஞாபகம் வரவில்லையே! என் தங்கை, என் தங்கை என்று மட்டும் வந்திருக்கிறேனே! எப்படிப்பட்ட மனுஷன் நான்?

"எப்ப எறங்குதான்?"

"ஆம்பிளையள விட ஆரம்பிச்சிட்டாங்க. அவுக நாலாவது. ரெண்டு பேரு வந்தாச்சு."

மேலே சொல்லப் போன் எடுக்காது. ஜீப் எல்லாம் உச்சியில் நிற்கிறது. ஜுஹைனா சுற்றிலும் பார்த்து, யாருடையதோ ஒரு சைக்கிளைப் பறித்துக்கொண்டு ஏறினாள். இறங்கும் பாதையில் எதிரே ஏறினாள். ஒருங்கிணைப்பாளர்கள் விசில் அடித்தார்கள், கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. துல்கர்னைன் பின்னால் ஓடினான். சாரலில் பாறை வழுக்கியது. இரண்டு தடவை விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, மறுபடி ஓடினான். மூன்றாவது ஆள் காற்றாய் அவனைத் தாண்டி இறங்கிப் போனான். அடுத்தது விஜயசங்கர்தான்.

மேலே ஜுஹைனாவின் குரல் கேட்டது. "நிறுத்துங்க! விஜயசங்கர் அண்ணே, நிறுத்துங்க!" அப்புறம் பிரேக் கிறீச்சிடும் சத்தம். அப்புறம் பட், பட், படபடவென்று ஒன்று. துல்கர்னைன் மட்டுமே அது என்னவென்று அறிவான். கம்பிகள் விடுபடுகிற சத்தம்.

வளைவைத் திரும்பிப் பார்த்தபோது விஜயசங்கர் புதருக்குள் கிடந்தான். ஜுஹைனா நடுப்பாதையில் இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே நின்றாள், கையை இறக்கத் தெரியாதவள் மாதிரி. முன்சக்கரம் அப்பளமாக மடிந்து கிடந்தது.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?" என்று புதருக்குள்ளிருந்து கத்தினான் விஜயசங்கர். துல்கர்னைனுக்கு அந்தக் கத்தலைவிட இனிமையான சத்தம் உலகத்தில் இல்லை. "குறுக்க வந்து நிக்குதியே! வீல நெளிச்சுப்புட்டியே! நான் தூக்கியிருப்பேன்லா இன்னைக்கு!" எழுந்திருக்கப் பார்த்தான். தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்று மறுபடி உட்கார்ந்தான். காறை எலும்பு போயிருக்கவேண்டும்.

துல்கர்னைன் குனிந்தான். பாதையில் சிதறிக் கிடந்த பித்தளைத் துண்டுகளைப் பொறுக்கினான். நீலப் பச்சைக் களிம்போடு, தலை வேறு உடம்பு வேறாக. நண்பனின் நல்ல கையில் கொண்டுபோய்க் கொட்டினான்.

"வீல நெளிச்சது அவ இல்லலே. நான்."

விஜயசங்கர் கையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பாதையின் மிச்சத்தைப் பார்த்தான். இருபதடி தள்ளி அடுத்த வளைவு. அதற்கு அந்தப் பக்கம் மண் இல்லை. கீழே ஓடையின் பாறைகள்தான். ஜுஹைனாவுக்காகப் பிரேக் பிடிக்காமல் வந்திருந்தால், படபடவென்ற அந்தச் சத்தம் அங்கேதான் கேட்டிருக்கும். போலீஸ்காரனின் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. அவன் கத்தாமல் இருந்ததுதான் துல்கர்னைனை உலுக்கி எடுத்தது.

உச்சியிலிருந்து ஜீப் வந்து விஜயசங்கரை ஏற்றிக்கொண்டது. போட்டியை அத்தோடு நிறுத்தினார்கள். பெண்கள் பிரிவு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அதற்கு மட்டும் பரிசு என்று அறிவித்தார்கள். அறிவித்த ஆளுக்கு மேலே நடந்தது சரியாகத் தெரியாது. "மீண்டும் நம்ம ஜுஹைனா! அண்ணன் பால் குடிச்ச சைக்கிள்!" என்று மைக்கில் கூவினார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அந்தக் கூட்டத்தில் பாலை ஊற்றிக்கொண்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். துல்கர்னைன் கூட்டத்துக்குப் பின்னால், சங்கரபாண்டி அண்ணாச்சியின் பக்கத்தில் நின்றான். ஓடிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததை மறைப்பதற்கில்லை.

ஜுஹைனா மைக்கை வாங்கினாள். பரிசுக் கோப்பையை வாங்கவில்லை.

"போன தடவ நான் இதுல ஒரு பொய் சொன்னேன்" என்றாள். "என் டயர்ல எங்க அண்ணன் பால் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. டியூப் போட்டுத்தான் ஓட்டுனேன். அந்தப் பால் ரிம்ம அரிக்குது. நிப்பிள ஒடைக்குது. விஜயசங்கர் அண்ணன் அதுலதான் விழுந்தாவ. நான் சொன்னத நம்பி ஊத்துனவுக யாரும் இனிமே ஒரு அடிகூட ஓட்டாதிய. இங்கனயே காத்த எறக்குங்க."

கைதட்டல் நின்றது. அணைத் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்டது. ஒவ்வொரு தலையாகப் பின்னால் திரும்பியது. துல்கர்னைனுக்குக் கன்னம் இரண்டும் எரிந்தன. சொந்தத் தங்கை, ஊர் கூடியிருக்கும் இடத்தில், மைக் வைத்து அவனைத் தோலுரித்துவிட்டாள். நன்னகரம் கடைக்கு நாளை முதல் யார் வருவார்கள்? அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே கையை உயர்த்தினான்.

"அவ சொல்லுதது நெசம்" என்றான். "அமோனியாவக் கூடக் கலந்தது நாந்தான். ஊத்துன அத்தன பேரும் வீலக் கொண்டு வாங்க. புது ரிம்மு என் பொறுப்பு."

யாரும் திட்டவில்லை. அதிர்ச்சியில் திட்ட மறந்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. ஒருவர் தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கம்பியைச் சுண்டினார். 'லொட்' என்றது. அவர் அதிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

ஜுஹைனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணனிடம் வந்தாள். வந்து நின்றதும் உடைந்தாள்.

"ஒங்க சிரிப்புக்காகத்தான் அண்ணே அன்னைக்கு அப்படிச் சொன்னேன். இன்னைக்கு நானே அத அழிச்சிட்டேன். இனி நீங்க மறுபடியும் சொவத்தப் பாத்துப் படுத்துருவிய."

துல்கர்னைன் அவள் தோளைப் பிடித்தான்.

"நான் எப்பட்டி சிரிச்சேன்? பாலுக்கா சிரிச்சேன்?"

"மைக்குல நான் சொன்னப்ப..."

"மைக்கு அதுக்குப் பொறவுதான் ஒன் கையில வந்தது. நீ மேட்டுல தனியாப் பிரிஞ்சு வந்து அந்தக் கோட்டத் தாண்டுனல்லா, அப்பவே துண்டத் தூக்கி எறிஞ்சிட்டேன். எவனோ ஒரு பெரிய மனுசனக் கட்டிப் புடிச்சிட்டேன். நீ ஜெயிச்சதுக்குச் சிரிச்சேன்ட்டி. டியூப் போட்டு ஜெயிச்சிருந்தாலும் சிரிச்சிருப்பேன். எறங்கித் தள்ளிட்டு வந்தாலும் சிரிச்சிருப்பேன்."

சொல்லவேண்டிய தேவையே இல்லாத ஒரு பொய்யை நம்பித்தான் இத்தனை பேர் மலையில் இறங்கினார்கள் என்பது ஜுஹைனாவுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக டயரிலிருந்து காற்றை இறக்கத் தொடங்கினார்கள். சுஸ் சுஸ் என்ற அந்தச் சத்தம் நின்று, அமோனியா நெடி அணைக்கரை முழுக்கப் பரவிய பிறகும் அவளால் அங்கிருந்து நகரமுடியவில்லை.